மாமியாரின் அலமாரிச் சாவி

லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது. வீடு காலியாகிவிட்டது. கூடத்தில் என் மாமியாரும் அவருடைய அலமாரியும் மட்டும்தான் பாக்கி. இரண்டும் அசைவதாக இல்லை.

அறுபது வருடத்து அலமாரி. கதவு முழுக்கச் சுழி சுழியாக ஓடும் மரம், பித்தளைக் கைப்பிடி, பித்தளைக் கால். அந்தப் பித்தளையை இருபத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் தேய்த்தவள் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியாது. சாவி மாமியாரின் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. மருமகள் கை பட்டால் பொருள் தங்காது என்பது அவர் கட்சி.

"உள்ள கண்ணாடிச் சாமான் குலுங்குதுங்க. எடுக்காம லாரியில ஏத்தினா தூள்தான்," என்றார் பூட்டைத் திறக்க வந்திருந்த தச்சர். "பூட்டை நெம்பலாம். ஆனா மேல ஒட்டியிருக்கற பலகை நகத்தைவிட மெலிசு. பொளந்துக்கும். அப்புறம் இந்தச் சுழியைச் சேர்க்க என்னால ஆகாது."

"நெம்புங்க," என்றார் என் கணவர். காலையிலிருந்து நாலு தரம் சாவி கேட்டு, நாலு தரமும் பெற்ற தாயிடமே 'திருட்டுப் பய' என்று பட்டம் வாங்கியிருந்தார். ஒரு வருடமாக மாமியாருக்கு ஆட்களை அடையாளம் தெரிவதில்லை. சாவி மட்டும் மறக்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் வலி. நாலு நாளாகச் சரியான தூக்கமில்லை. உடைத்துத் தொலையட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் தச்சர் உளியை வைத்ததும் குறுக்கே போய் நின்றேன். இத்தனை வருடம் துடைத்த கைக்கு அது பொறுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்கண்ணே."

பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்க வேண்டும். எனக்கோ பாடவும் தெம்பில்லை. மாமியாரின் காலடியில் அப்படியே உட்கார்ந்து, வீங்கியிருந்த பாதத்தைப் பிடித்துவிட்டேன். சாவியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வெகுநேரம் என்னை உற்றுப் பார்த்தார். "நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

"பக்கத்து வீடுதான்."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் அழுத்தினார். "சீக்கிரம் தொற. என் மருமக வந்துடப் போறா."

உள்ளே ஒரு டஜன் கண்ணாடிக் குவளைகள், மாமனாரின் மூக்குக் கண்ணாடி, ஓடாத கைக்கடிகாரம். இதற்கா இருபத்திரண்டு வருடம்! சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். ஆட்கள் அலமாரியைக் கீறல் படாமல் தூக்கிப் போனார்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. என் விரல்களை மடக்கி மூடிவிட்டார்.

"நீயே வெச்சுக்கோம்மா. பொருளை எப்படித் தொடணும்னு உன் கைக்குத் தெரியுது. எனக்கும் வந்து வாய்ச்சாளே ஒருத்தி! உன்னை மாதிரி ஒரு மருமக வந்திருக்கக் கூடாதா?"

"வாங்க அத்தை, கெளம்பலாம்," என்றேன். இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை வருடம் காத்துக் கிடந்தேன். கடைசியில் அதுவும் பக்கத்து வீட்டுக்காரிக்குப் போய்விட்டது.