உட்கார்ந்து சொல்லச் சொன்னவன்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் வரிசையில் நின்றபோது கலாராணியின் போன் அடித்தது.

"வணக்கம்மா. பேங்க்ல இருந்து பேசுறேன். வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்குங்க."

நல்ல தமிழ். பெற்ற மகன்கூட அவளிடம் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை. யாரோ அவளுடைய கணக்கில் கைவைக்கப் பார்க்கிறார்களாம். இப்போது போனுக்கு வந்திருக்கும் எண்ணைச் சொன்னால் தடுத்துவிடலாமாம்.

அவளுக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. மடுல்சீமை மலையில் கொழுந்து எடுக்கும் தன்னையும் ஓர் ஆபீஸ்காரர் 'அம்மா' என்கிறாரே. முதல் இரண்டு இலக்கங்களைச் சொல்லிவிட்டு, அடுத்தது சரியாகத் தெரியாமல் கண்ணை இடுக்கினாள்.

"அவசரமே இல்லைங்கம்மா. உக்காந்து நிதானமா சொல்லுங்க."

'உக்காந்து' என்றதும் அவள் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். பதுளையில் இருக்கும் அந்த வங்கிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். ஒருநாளும் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. தமிழில் பேசியதும் இல்லை.

"நீங்க பேங்க்காரங்க இல்ல, தம்பி" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஆனாலும், ஒருவேளை பேசியது பேங்க்தானோ என்று மனம் அடங்கவில்லை. மறுநாள் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலை நிமிராமல் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் தமிழில் சொல்லத் தொடங்கியதும், ஓரமாகப் போய் நிற்கும்படி விரலை நீட்டினார்.

கலாராணி ஓரமாகப் போய் நின்றாள். நேற்றிலிருந்து அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. சந்தேகமே இல்லை, இதுதான் வங்கி.