ராத்தாவின் பெயரில் எடுத்த ரத்தம்

டொக்டர் றிப்போட்டைப் பார்த்துத் தலையாட்டினார். "பிரஷர் கூடத்தான் இருக்கு. ஆனா ரத்தத்தில ஒரு பிழையும் இல்ல. பிளேட்லெட், ஈரல் எல்லாம் நல்லம். குளிசையப் போட்டுட்டு அடுத்த கிழமை வாங்க."

வயிற்றில் புள்ளையோடு இருந்த ஷிஃபானா சிரித்தாள். வீங்கிப்போன முகத்தில் அந்தச் சிரிப்பு ஒட்டவேயில்லை. பக்கத்தில் நின்ற தங்கச்சி சுஹைராவுக்கு அதில் ஆச்சரியமேயில்லை. ரத்தம் நல்லாக இல்லாமல் என்ன செய்யும்? அது சுஹைராவுடைய ரத்தம். கலியாணமே ஆகாத, ஒரு காய்ச்சலுக்குக்கூடப் படுக்காத குமருடைய ரத்தம். லாப்பில் ராத்தா ஷிஃபானாவின் பெயரைச் சொல்லிக் கையை நீட்டியிருந்தாள். அபாயாவுக்குள் வயிறு இருக்கிறதா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

போன முறையும் ஷிஃபானாவுக்கு இப்படித்தான் பிரஷர் ஏறியது. ரத்த றிப்போட் வந்த கையோடு வயிற்றை வெட்டிப் புள்ளையை எடுத்தார்கள். நிறைமாதம் காணாத அந்தப் புள்ளை ஓர் இரவுகூடத் தங்கவில்லை. தாயைக் காப்பாற்றத்தான் எடுத்தார்கள் என்று ஊரே சொல்லியும் ஷிஃபானாவின் மண்டையில் ஏறவில்லை. றிப்போட்தான் புள்ளையைத் தின்றது என்று நம்பினாள். "இது கொஞ்சம் வளரட்டும்டி. அல்லாவுக்காக, நீ போய் ரத்தம் குடு" என்று கெஞ்சினாள். சுஹைராவுக்கு முதலில் மனசு இளகும். மூளை பிந்தித்தான் வேலை செய்யும்.

ஓட்டோ கிண்ணியாப் பாலத்தில் ஏறியது. நல்ல உச்சி வெயில். ஷிஃபானா கண்ணைக் கசக்கினாள்.

"என்னடி இது, கண்ணுக்குள்ள மின்னி மின்னி வருது. தலையும் பிளக்குது."

இப்படி வந்தால் ஒரு நிமிசமும் நிற்கக் கூடாது என்று மிட்வைஃப் மிஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"நானா, ஓட்டோவத் திருப்புங்க" என்று ஓட்டோக்காரரிடம் சொன்னாள் சுஹைரா.

"வேணாம்டி! சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினாய்!"

ஓட்டோ திரும்பியது. சுஹைராவுக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

டொக்டருக்கு முன்னால் அபாயாவின் கையைச் சுருட்டி, ஊசி குத்தி நீலம் பாரித்த இடத்தைக் காட்டினாள். "அது என்ட ரத்தம், டொக்டர்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். ஷிஃபானாவிடம் ரத்தம் எடுத்து அவசரமாக அனுப்பினார். பிளேட்லெட் அடியோடு விழுந்திருந்தது, ஈரலும் கெட்டிருந்தது.

"புள்ளைய இனி வயித்தில வெச்சிருக்க ஏலாது. வெச்சிருந்தா ரெண்டு உசிரும் போயிடும்."

ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோகுமுன் காப்புகளைக் கழற்றச் சொன்னார்கள். வீங்கின கையில் அவை அசையவில்லை. சுஹைரா சவர்க்காரம் பூசி ஒவ்வொன்றாக இழுத்தாள். ஷிஃபானா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இந்தப் புள்ளையும் போனா, மௌத்தாகிக் கண்ண மூடும்வரைக்கும் உன்னோட கதைக்கமாட்டன்."

கடைசிக் காப்பும் கழன்றது.

"ஓம் ராத்தா, கதைக்காதீங்க" என்றாள் சுஹைரா. "கதைக்காம இருக்கிறதுக்கும் நீங்க இருக்கோணுமே."