மூன்று வருட வித்தியாசம்

சகாயமேரிக்குப் பாஸ்போர்ட் வந்தது ஒரு புதன்கிழமை. உப்பளத்தில் வேலை முடிந்து வந்தவள், கையைக்கூடக் கழுவாமல் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். இந்தியர் என்று இருந்த இடத்தை ஒரு முறை பார்த்தாள். மனசுக்குள் எதுவும் அசையவில்லை. கவரை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு உலை வைத்தாள்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கையில் மன்னாரிலிருந்து அகதிகளாகப் படகேறி வந்தவர்கள். அவள் 1987 மார்ச்சில் ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தாள். மூன்று வருடம் கழித்து, அதே ஆஸ்பத்திரியில் தம்பி தமிழ்வேந்தன். அதற்குப் பிறகுதான் குடும்பம் கீழ்புத்துப்பட்டு அகதி முகாமுக்கு வந்தது. பெற்றோர் இரண்டு பேரும் இந்த மண்ணிலேயே அடக்கமானார்கள்.

1987 ஜூலைக்கு முன்னால் இங்கே பிறந்தவர் இந்தியர். அதற்குப் பின்னால் பிறந்தால், அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். "உங்களுக்குக் கேஸ் போடலாம்மா. தம்பிக்கு வழியில்ல" என்று வக்கீல் சொன்னபோது, சகாயமேரி நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டாள். கேஸ் நாலு வருடம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பெயின்ட் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தமிழ்வேந்தன்தான் கூட வந்தான்.

அன்று சாயங்காலம் அவன் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தான்.

"போட்டோ நல்லாதான் இருக்குது" என்றான். சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னான்: "நான் மன்னாருக்குப் போறேன்க்கா. திரும்பிப் போறவங்க லிஸ்டுல பேர் குடுத்துட்டேன்."

"எப்ப குடுத்த?"

"போன மாசமே. ஒன் கேஸ் முடியட்டும்னுதான் சொல்லல."

"அங்க யாரடா தெரியும் ஒனக்கு?"

"பெரியப்பா மவன் ஒருத்தரு இருக்காரு. போன்ல பேசினேன்."

"இங்க பொறந்தவன்டா நீ."

"நீயும் இங்கதான் பொறந்த. ஒன்ன ஆமான்னுட்டாங்க, என்ன இல்லன்னுட்டாங்க. முப்பத்தஞ்சு வயசாவுது, வெளியூர் போறதுன்னா இன்னும் முகாம் ஆபீசுல கேட்டுட்டுத்தான் போறேன். போதும்க்கா."

அழுதிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். அவள் தட்டை எடுத்துக் கழுவினாள்.

அந்தச் சனிக்கிழமை முகாமில் ஆள் சரிபார்க்க வந்த அதிகாரி, பெயர்களை வரிசையாகப் படித்தார். பழக்கத்தில் அவளும் போய் நின்றாள். தமிழ்வேந்தன் பெயர் வந்தது. அவள் பெயர் வரவில்லை.

"உங்க பேர எடுத்தாச்சும்மா. நீங்க இப்ப இந்தியரு" என்றார் அவர். "வீடு தம்பி பேர்ல இருக்குது. அவரு கெளம்புனதும் சாவிய ஒப்படைச்சிடுங்க."

"சரிங்க" என்றாள்.

இரண்டு மாதத்தில் அவன் கிளம்பினான். சென்னை ஏர்போர்ட்டில் வாசலுக்கு மேல் அவளை விடவில்லை. பையோடு உள்ளே போனவன், ஏதோ ஞாபகம் வந்தவன்போலக் கண்ணாடிக் கதவு வரைக்கும் திரும்பி வந்தான்.

"சிலிண்டர் புக் பண்ணியிருக்கேன். நாளைக்கு வரும், வாங்கி வச்சிடு."

அவள் தலையாட்டினாள். அவன் போய்விட்டான். திரும்பும் பஸ்ஸில் அவள் தூங்கிக்கொண்டே வந்தாள்.

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் பக்கமாக ஓர் அறை பார்த்தாள். வீட்டுக்காரர் தட்சணாமூர்த்தி, "சொந்த ஊரு எதும்மா?" என்று கேட்டார். முன்பெல்லாம் யார் கேட்டாலும் முகாம் என்பாள்.

"கீழ்புத்துப்பட்டுங்க."

"இங்கதானா" என்று அவர் சாவியைக் கொடுத்தார்.

சித்திரை வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு நாள் தம்பி போன் செய்தான். மன்னாரில் ஒரு கோயிலுக்குப் பெயின்ட் அடிக்கிறானாம்.

"இங்க எல்லாரும் என்ன இந்தியாக்காரன்னுதான் கூப்புடுறாங்க. என் பேச்சு அப்படி இருக்குதாம்."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீ ஒரு தடவ வாயேன்க்கா. ஒனக்குத்தான் பாஸ்போர்ட் இருக்குதே."

"சீசன் முடியட்டும், பாக்கலாம்" என்றாள் சகாயமேரி.

மேஸ்திரி கூப்பிடவும் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி பாத்திக்குள் இறங்கினாள்.