வாகைக் கிண்ணத்தில் சந்தனம்

நாகராஜுக்குக் கோபம் வந்தால் வாய் திறக்காது; லேத்துதான் ஓடும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. அங்கே நாள் முழுக்கக் கண்ணாடிக் குடுவை கழுவும் கை, வீட்டுக்கு வந்தால் மரம் கடையும். பழைய கிரைண்டர் மோட்டார், எடைக்கு வாங்கிய இரும்புத் தண்டு, தேய்ந்துபோன அரங்களைத் தீட்டிச் செய்த உளிகள். இவற்றை வைத்துக் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் தானே ஒரு லேத்தைப் பூட்டியிருந்தார். கற்றுக்கொடுக்க ஆளில்லை. செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பழகியதுதான்.

முதல் கிண்ணம் சுழலும்போதே பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ஓட்டை உடைத்தது. இரண்டாவது கிண்ணத்துக்கு அடி இல்லை. மூன்றாவதை மனைவி ஜோதிலட்சுமியிடம் நீட்டினார். அவள் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அதில் புளியைப் போட்டு வைத்தாள். ஓடைப்பட்டியில் அவர் தொழிலுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் லேத்து ஓடிய ஓட்டத்தில் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. காரணம், ஒச்சாண்டி வந்துவிட்டுப் போயிருந்தான்.

ஒச்சாண்டி நாகராஜின் தங்கை பவுனுவைக் கட்டியவன். பக்கத்துத் தோட்டக்காரனும்கூட. கல்யாணமாகிப் பத்து வருசம் கழித்துப் பிறந்த மூன்று வயது மகள் அபிதாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்துகிறார்கள்? பத்திரிகையை வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து முறையாகத்தான் நீட்டினான்.

"ஞாயித்துக்கெழம வீரபாண்டிக் கோயில்ல முடியெறக்கி, மண்டபத்துல வச்சுக் காதுகுத்து மச்சான். மடி உங்க மடிதான்." கொஞ்சம் செருமினான். "ஒண்ணே ஒண்ணு, தப்பா நினைக்காதீக. ஜோதிலட்சுமி தங்கச்சி மட்டும் பிள்ளையத் தொட வேணாம். எங்க வீட்டுப் பெரியவுக சொல்றாக. நான் என்ன செய்யட்டும்?"

காப்பி டம்ளரோடு வந்த ஜோதிலட்சுமி வாசல் நிலையருகே நின்றுவிட்டாள். பிறகு வந்து டம்ளரை அவன் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் அந்தக் காப்பியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போனான். கூச்சநாச்சம் இருந்தால் தொண்டையில் இறங்கியிருக்காது.

இரண்டு வருசத்துக்கு முன்புவரை ஜோதிலட்சுமியின் கை ஊருக்கே ராசியான கை. புதுசாகத் திராட்சை நடுகிறவர்கள் முதல் பதியனை அவள் கையால் ஊன்றச் சொல்வார்கள். விடிகாலையில் ஆட்டோ அனுப்பிக் கூட்டிப்போவார்கள். அவள் குளித்து, ஈரத் தலையோடு போய், பதியனை ஊன்றி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். பிள்ளை இல்லாத வீட்டில் அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான். அதற்கெல்லாம் சாட்சியாகத் தோட்டத்து வரப்போரம் நின்றது அவள் கல்யாணமாகி வந்த வருசம் நட்ட வாகை. பதினேழு வருசத்தில் ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனுக்கு வளர்ந்திருந்தது.

அந்த மரத்தின் நிழல் மத்தியானத்துக்கு மேல் ஒச்சாண்டியின் திராட்சைப் பந்தலில் நாலு வரிசைமேல் விழும். மரத்தை வெட்டச் சொல்லிக் கேட்டான். நாகராஜ் கிளைகளை மட்டும் கழித்துவிட்டார். அதன்பின் ஒச்சாண்டி மரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பேச்சை நிறுத்தியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆறே மாதத்தில் வாகை இலையை உதிர்த்தது. அடுத்த ஆறு மாதத்தில் பட்டை உரிந்து மொட்டையாக நின்றது. அவள் கைராசி போய்விட்டதென்று முதலில் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது என்பார்கள். நாகராஜுக்குத் தெரியும். டீக்கடையில் அவர் காதுபடவே ஒச்சாண்டி வருத்தப்படுகிறவனைப் போலச் சொன்னான்: "பாவம், அந்தக் கை நட்ட மரமே பட்டுப்போச்சே. கையில என்னமோ ஆகிப்போச்சுப்பா." அதோடு ஆட்டோ வருவது நின்றது. ஊரிலேயே பெரிய திராட்சைத் தோட்டக்காரர் சுருளிராஜன் போன வருசம் மூன்று ஏக்கர் புதுசாக நட்டார். முதல் பதியன் ஊன்ற வேறு யாரையோ கூப்பிட்டார். அன்றைக்கு ஜோதிலட்சுமி பகல் முழுக்கத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாகராஜ் அதைப் பார்த்தார். பார்க்கத்தான் முடிந்தது.

பட்ட மரத்தை அறுத்தபோது ஒச்சாண்டி ஓடிவந்து உதவினான். "அடிமரத்த ஏன் மச்சான் தோண்டிக்கிட்டு? மண்ணோட கெடக்கட்டும். இல்ல, நானே ஆளவிட்டுத் தோண்டிச் செங்கச் சூளைக்கு ஏத்தி விட்டுர்றேன்." நாகராஜ் கொடுக்கவில்லை. கடைகிறவனுக்கு அடிமரம் என்றால் கொள்ளை ஆசை. வேர் பிரிகிற இடத்தில்தான் ரேகை சுழித்துச் சுழித்து ஓடும். துண்டு துண்டாக அறுத்து, வெடிப்பு விழாமல் முனைகளில் மெழுகு தடவி, கொட்டகையில் காயப்போட்டார். "விறகுக்கு வைத்தியம் பாக்குறாக" என்று ஒச்சாண்டி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

அந்தத் துண்டுகளில் ஒன்றைத்தான் வியாழக்கிழமை சாயங்காலம் லேத்தில் மாட்டினார். வெளிப்புறம் உருண்டு வந்தது. உள்ளே குடையத் தொடங்கினார். சுருள் சுருளாகச் சீவல் பறந்தது. விரல் ஆழம் போனதும் சீவலில் ஒரு நிறம் தட்டியது. வாகையில் கறுப்பு ரேகை வரும், பழுப்பு வரும். நீலம் வராது.

உளியை எடுப்பதற்குள் உள்ளே 'டங்' என்றது. உளி எகிறிப் பெருவிரலைக் கீறியது. மோட்டாரை அணைத்து, விரலை வாயில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

கிண்ணத்தின் உள்சுவரில், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி அடிவரை சாய்வாக இறங்கியது ஒரு துளை. உளி அதை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து காட்டியிருந்தது. துளையின் வாயில் ஒரு குச்சியை அடித்து இறுக்கியிருந்தார்கள். திராட்சைக் கொடியின் குச்சி. அதைச் சுற்றி நீலமாக ஒரு பூச்சு. கீழே துளை முழுக்கக் கரிபோலக் கறுத்து, இன்னும் களைக்கொல்லி நாற்றம் அடித்தது. அடியில், கறுத்த மரத்துக்குள், ட்ரில் பிட்டின் ஒடிந்த நுனி மாட்டிக்கொண்டிருந்தது.

நீலப் பூச்சு என்னவென்று ஓடைப்பட்டியில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டாம். போர்டோ பசை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைப்பது. கொடியைக் கவாத்து செய்ததும் வெட்டுவாயில் பூசிவிடுவார்கள், காயத்தில் பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று. முப்பது வருசம் கொடிக்கு மருந்து பூசிய கை, மண்ணுக்குக் கீழே ஒரு மரத்தைக் கொல்லத் துளை போட்டுவிட்டு, அந்தக் காயத்துக்கும் பழக்கதோசத்தில் மருந்து பூசிவிட்டுப் போயிருக்கிறது. நாகராஜுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அதை நினைத்துப் பிற்பாடு அவருக்கே பயமாக இருந்தது.

ஆணி டப்பாவைக் கவிழ்த்துத் தேடினார். மூன்று வருசத்துக்கு முன்னால் பந்தல் கல்லுக்காலில் துளை போட வேண்டும் என்று அவருடைய ட்ரில் மெஷினை ஒச்சாண்டி இரவல் வாங்கிப் போனான். திருப்பித் தரும்போது, "கல்லுல பட்டு பிட்டு ஒடிஞ்சுபோச்சு மச்சான்" என்று ஒடிந்த கட்டையோடு புதுப் பிட் ஒன்றும் வாங்கித் தந்தான். என்ன நாணயமான மனுசன் என்று நாகராஜ் அன்று நெகிழ்ந்துபோனார். கடைசல்காரன் இரும்பைத் தூக்கி எறியமாட்டான்; ஒடிந்த கட்டை டப்பாவிலேயே கிடந்தது. அதை எடுத்துவந்து கிண்ணத்துக்குள் இருந்த நுனியோடு சேர்த்தார். பல்லும் பல்லும் கவ்விக்கொண்டன.

இப்போதே போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் ஊர் பூராவும் சொன்ன சொல்லை ஒரு வாசலில் வைத்துக் கேட்டு என்ன பயன்? ஜோதிலட்சுமியிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் லீவு போட்டுவிட்டு, தன் வாழ்நாளிலேயே ஒழுங்கான கிண்ணத்தை நாகராஜ் கடைந்தார். துளையைத் தொடவில்லை. குச்சியை எடுக்கவில்லை. நீலத்தைச் சுற்றி உப்புத்தாளை விரல் நுனியில் வைத்துத் தேய்த்தார். தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் ஏற்றியதும் வாகை பளபளத்தது. அந்த நீலமும் சேர்ந்து பளபளத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்து வாசலில் ஒச்சாண்டி வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் பழத்தட்டு, பட்டுப்பாவாடை, தோடு என்று சீர் வர, நாகராஜ் முன்னால் போய்க் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தார். விளிம்புவரை குழைத்த சந்தனம்.

"நான் கடைஞ்சது மாப்ள. வர்றவுகளுக்கு இதுலயே சந்தனம் குடு."

"அடடே! விறகு வேலைக்காகிருச்சே மச்சான்!" ஒச்சாண்டி பெருமையாக வாங்கிக்கொண்டான்.

நாகராஜ் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சனம் வரத் தொடங்கியது. வருகிறவர்கள் விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒச்சாண்டி வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தானே தவிர, கையிலிருந்ததைப் பார்க்கவில்லை. இருபது பேர், முப்பது பேர். சந்தனம் ஒரு விரல்கடை இறங்கியது. நீலம் எட்டிப் பார்த்தது. எழுபது பேர். குச்சி தெரிந்தது. கடைசி வரிசையில் ஒரு தூணோரமாக, குழந்தையை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் ஜோதிலட்சுமி. அவள் நெற்றியில் சந்தனம் இல்லை. யாரும் நீட்டவில்லை.

சுருளிராஜன் வந்து விரலை விட்டார். ஏதோ குத்தியது. விரலை எடுத்துக் கிண்ணத்தைத் தன் பக்கம் சாய்த்தார்.

"ஏப்பா ஒச்சாண்டி, இதென்ன போர்டோ பசை மாதிரி இருக்கு? உள்ள கொடிக்குச்சி வேற. இது எந்த மரம்?"

அப்போதுதான் ஒச்சாண்டி குனிந்து பார்த்தான். சிரிப்பு அப்படியே நிற்க, முகம் மட்டும் வெளுத்தது. இந்த முகத்தைப் பார்க்கத்தான் நாகராஜ் இரண்டு நாள் மரத்தைத் தேய்த்தார். நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

உள்ளிருந்து காது குத்தும் ஆசாரி குரல் கொடுத்தார். "தாய்மாமன் வாங்க! நேரம் போகுது!"

நாகராஜ் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒடிந்த பிட்டை எடுத்துக் கிண்ணத்துக்குள் விட்டு, நுனியோடு பொருத்தினார்.

"எங்க தோட்டத்து வாகை. இந்த பிட்டு எங்கிட்ட இரவல் வாங்கிப்போய், மாப்ள கல்லுக்கால்ல ஒடிச்சது. கல்லுல ஒடிஞ்ச நுனி எப்பிடி மரத்துக்குள்ள வந்துச்சுன்னு மாப்ள சொல்லட்டும்."

"மச்சான், இங்கன வேணாம். வீட்டுல போய்ப் பேசிக்கிருவோம்."

"அவ கையப் பத்தி நீ வீட்டுக்குள்ள வச்சா பேசுன?"

சத்தம் கேட்டுப் பவுனு மொட்டைத்தலைப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். புருசன் முகத்தைப் பார்த்தாள். வேறெதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. நேராகத் தூணோரம் போய்ப் பிள்ளையை நீட்டினாள். "மதினி, நீங்க பிடிங்க."

ஜோதிலட்சுமி பிள்ளையை வாங்கவில்லை. "இரு ஆத்தா" என்று பவுனுவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். கிண்ணத்தை எடுத்தாள். தான் நட்ட மரத்தின் கறுத்த துளையைப் பெருவிரலால் ஒரு தரம் தடவினாள். பிறகு அடியில் மிஞ்சியிருந்த சந்தனத்தை மோதிர விரலில் வழித்தெடுத்து, ஒச்சாண்டியின் நெற்றியை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள்.

அவன் வெடுக்கென்று தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

மண்டபமே பார்த்தது. அந்தக் கையில் ஒரு தோசமும் இல்லை என்று ஊரிலேயே நிச்சயமாகத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். ஊருக்காகக் கட்டிய பொய்யை இரண்டு வருசம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவனே நம்பியிருந்தான்.

"பயப்படாதீக அண்ணே" என்றாள் ஜோதிலட்சுமி. குரல் உயரவில்லை. "உங்க காலடியில நான் ஒண்ணும் துளை போடல."

பின்னால் சுவர். ஒச்சாண்டி கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவசரப்படாமல், முதல் பதியனை ஊன்றுகிற பதவிசோடு, அவன் நெற்றியில் சந்தனத்தை வைத்து அழுத்தினாள். பிறகு திரும்பிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். நாகராஜ் மடியில் அபிதா உட்கார, அத்தை தலையைப் பிடித்துக்கொள்ள, ஆசாரி காது குத்தினார். பிள்ளை வீரிட்டது.

கிண்ணத்தை ஒச்சாண்டி முல்லையாற்றில் எறியப் பார்த்தான். பவுனு விடவில்லை. வீட்டுக் கூடத்தில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அடுத்த வாரமே சுருளிராஜன் தோட்டத்து ஆட்டோ வந்து ஜோதிலட்சுமி வாசலில் நின்றது.

அடிமரத்தில் இன்னும் பதினொரு துண்டுகள் காய்கின்றன. அவற்றில் நாலில் அந்த நீலம் இருக்கிறது. ஒச்சாண்டி புதுவீடு கட்டத் தொடங்கியிருக்கிறான் என்று கேள்விப்பட்டதும், பால்காய்ப்புச் சீருக்கென்று நாகராஜ் உளியை எடுத்துத் தீட்டத் தொடங்கினார்.