இலுப்பை மரத்தில் குடியிருப்பவள்

கல்வராயன் மலையின் அடிவாரத்தில் பங்குனி மாதம் நிறங்களால் அறியப்படும். புரசு மரம் இலைகளை முற்றும் உதிர்த்துச் செந்நிறப் பூக்களைச் சூடும். புங்க மரம் வெயில் ஊடுருவும் இளந்தளிர் விடும். இலுப்பை மரமோ செம்பு நிறத் தளிர்களின் அடியில் வெளிறிய பூக்களைக் கொத்தாகத் தொங்கவிட்டு, விடியற்காலையில் அவற்றைச் சாலையின் மேல் உதிர்க்கும். இவற்றை நான் என் நாற்பத்து மூன்றாம் வயதில்தான் கவனித்தேன். அதற்கு முன் எந்த மரத்தைக் கண்டாலும், இது எந்தப் பக்கம் சாயும் என்ற ஒரே கேள்விதான் என் மனத்தில் எழும். ஏனெனில் நான், ஆதிமூலம், உழவுத் தொழில் இல்லாத நாள்களில் மரம் வெட்டுபவன்.

எங்கள் ஊர்ப் பள்ளியின் ஆசிரியை ராணியம்மாள் ஆவார். அவரே முதியோர் கல்வி மையத்தில் எனக்கு எழுத்தறிவித்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம் முதல், ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் பள்ளிப் பிள்ளைகளையும் விருப்பமுள்ள பெரியவர்களையும் மலைச் சாலைக்கு அழைத்து வந்தார். மரம், செடி, பறவை ஆகியவற்றை அறிந்து காப்பதே அவ்வகுப்பின் நோக்கமாகும். பாடம் சொன்னவர் மலையில் தினை விதைக்கும் ஆயம்மாள். பார்த்தவற்றைப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டது. அப்பொறுப்பை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

சாலையோரத்தில், ஓடைக் கரையில் நின்ற இலுப்பை மரத்தில், மூன்று ஆள் உயரத்தில் ஒரு பொந்து இருந்தது. அதனுள் ஓர் இருவாச்சிப் பறவை முட்டையிட்டிருந்தது. பெண் பறவை உள்ளே அமர்ந்து, மண்ணாலும் எச்சத்தாலும் பொந்தின் வாயைத் தானே அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் எஞ்சியிருக்கும். ஆண் பறவை பழம் கொண்டு வந்து அப்பிளவின் வழியே ஊட்டும்.

"உள்ள போனதும் ரெக்க எறக எல்லாம் உதுத்துடும். குஞ்சு வளர்ற வரைக்கும் அதுக்குப் பறக்க வராது. அந்த ஆம்பள ஒருத்தன்தான் எல்லாத்துக்கும்," என்று ஆயம்மாள் கூறினார்.

"எங்க வூட்டு ஆம்பளைய ஒரு வாரம் இங்க அனுப்பறேன், படிச்சுக்கினு வரட்டும்," என்று கூட்டத்தில் ஒரு பெண்மணி சொல்ல, அனைவரும் சிரித்தனர்.

பங்குனி இரண்டாம் வாரம், ஒரு சனிக்கிழமை மாலை, என் அக்காள் மகன் அன்புச்செல்வன் என்னைத் தேடி வந்தான். எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்ட போராட்டத்தில் எங்கள் பகுதி இளைஞர்களுக்கு அவனே தலைமை தாங்கினான்.

"மாமா, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஒரு டெல்லி மந்திரி மலைக்குப் போறாரு. ரோட்ட அடைக்கணும். அந்த இலுப்பய சாய்ச்சுடு."

"கல்ல வெச்சு அடைங்களேன்."

"கல்ல போலீசு அஞ்சு நிமிசத்துல உருட்டித் தள்ளிடுவான். மரம்னா ரெண்டு மணி நேரம் ஆவும். மரத்தப் போட்டுட்டு நாம கரும்புக்குள்ள பூந்து போயிக்கினே இருக்கலாம். போன பொரட்டாசில செஞ்சதுதான?"

உண்மை. முந்தைய ஆண்டு புரட்டாசி மறியலின்போது அச்சாலையில் நின்ற ஏழு புளிய மரங்களையும் நான்தான் வெட்டினேன். அதனால் இப்போது சாலையை மறிக்கும் நீளமுள்ள மரம் அந்த இலுப்பை ஒன்றே. போராட்டத்தில் எனக்கு ஐயம் இல்லை. என் மகள் ராதிகா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும் செவிலியர் பயிற்சியில் இடம் கிடைக்காமல், கரும்புத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். ஆகவே நான் சரி என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பெரிய மரத்தை வெட்டுவதற்கு முதல் நாள் பொழுது சாயுமுன், வெட்டுபவன் அதன் அடியில் வெற்றிலை வைத்துச் சூடம் ஏற்றி, கோடரியின் பின்புறத்தால் மூன்று முறை தட்டி, மரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிறகு கோடரியை அங்கேயே சாய்த்துவிட்டு வர வேண்டும். என் தந்தை அப்படிச் செய்தார். நானும் ஏழு புளிய மரங்களுக்கும் தவறாமல் செய்தேன்.

அன்று மாலையும் இலுப்பையைத் தட்டினேன். "இந்த மரத்துல குடியிருக்கிறவங்க கேட்டுக்குங்க. விடிஞ்சா வெட்டப் போறோம். வேற எடம் பாத்துப் போயிடுங்க," என்றேன்.

மேலே பிளவில் அலகின் நுனி தோன்றியது. என் தட்டலைத் தன் துணையின் வருகை என்று அது எண்ணியிருக்க வேண்டும். உணவுக்காக அலகைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. போகச் சொல்லி நான் அறிவித்த உயிர், போக இயலாத உயிர். புளிய மரங்களுக்கும் அறிவித்தேனே, அங்கிருந்து எவை போயின, எவை போக முடியாமல் இருந்தன என்று ஒரு முறையாவது நின்று பார்த்தேனா? பார்க்கவில்லை. கோடரியைச் சாய்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அன்பிடம் சென்று எதுவும் சொல்லத் துணிவு வரவில்லை.

ஞாயிறு காலை எட்டரை மணிக்குப் பதினொரு இளைஞர்கள் அரிவாளும் கயிறுமாக மரத்தடியில் கூடினர். அதே நேரத்தில் வகுப்புக்காக ராணியம்மாளும் ஆயம்மாளும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர். ராணியம்மாள் அரசு ஊழியர். மறியலைப் பற்றி அவரால் ஒரு சொல்லும் பேச இயலாது. பிள்ளைகளைச் சாலையின் எதிர்ப்புறம் அமர வைத்து, அவர்கள் முன் நின்றார். ஆண் இருவாச்சி தொலைவில் ஒரு புரசு மரத்தில் உட்கார்ந்திருந்தது. கூட்டத்தைக் கண்டு அது நெருங்கவில்லை.

"இன்னா மாமா, நேரம் ஆவுது. எடு கோடாலிய," என்றான் அன்பு.

"என்னால முடியாது அன்பு. நேத்து சொல்லிப் பாத்தேன். அது போவல."

"எது?"

"உள்ள இருக்கிற இருவாச்சி. சொல்லியும் போவாதத வெட்டக் கூடாது."

முருகவேல் என்ற இளைஞன் உரக்கச் சிரித்தான். "நீ நோட்டீசு குடுத்த, அது கோர்ட்டுல ஸ்டே வாங்கிடுச்சா?"

"சிரிக்காதப்பா. அதுக்கு ரெக்கயில எறகு இல்ல. மொளைக்க நாளாவும்," என்றார் ஆயம்மாள்.

அன்பு அவர் பக்கம் திரும்பினான். "ஆயம்மாக்கா, மலைக்காரங்களுக்குச் சலுக கீது. எங்களுக்கு இன்னா கீது? ஒரு குருவிக்காக எங்க பொழப்ப வுடச் சொல்றியா?"

"சலுகயா? நீ அடைக்கறதுக்காவது ஒங்களுக்கு ஒரு ரோடு கீது. எங்க ஊருக்கு அதுவும் கெடையாது. நான் மறியல் பண்ணாதன்னா சொன்னேன்? மரத்த வுடுன்றேன்."

அன்பு கோடரியை எடுத்து ஓங்கி வெட்டினான். மரப் பட்டை பிளந்து வெண்பால் வழிந்தது. இரண்டாம் வெட்டின் அதிர்ச்சியில், பொந்தின் வாயிலிருந்து விரல் நீளத்துக்கு மண் பெயர்ந்து கீழே விழுந்தது. பிள்ளைகளில் ஒருத்தி வாய்விட்டு அழத் தொடங்கினாள். மூன்றாம் வெட்டுக்கு அவன் கோடரியை ஓங்கியபோது, நான் என் முதுகை அவ்வெட்டு வாயில் பொருத்தி நின்றேன்.

"நவுரு மாமா!"

"இந்தப் பக்கம் வெட்டினா மரம் ரோட்டுல வுழாது. ஓடைலதான் வுழும்."

"அப்ப எந்தப் பக்கம்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

ஓங்கிய கோடரியை அவன் இறக்கவில்லை. அவன் கண்கள் சிவந்திருந்தன. "ஒம் பொண்ணுக்காகவும்தான இந்தச் சண்ட! மரத்த வெட்டலன்னா ரோட்டுல எது படுக்கும்? நீ படுப்பியா?"

அவ்வினாவை அவன் ஏளனமாகவே எழுப்பினான். மரம் கிடந்தால் மனிதர் ஓடிவிடலாம். மரம் இல்லையேல் மனிதர் பிடிபட வேண்டும். பிடிபட்டால் சிறை, அதன் பின் மாதந்தோறும் கள்ளக்குறிச்சி நீதிமன்றம். என் கரும்பு வெட்டுக்கு நின்றது. பயிரிட்டவன் சிறைக்குப் போனால் ஆலைக்கு அதை யார் ஏற்றுவது? இவையெல்லாம் எனக்குத் தெரியும்.

"படுக்கறேன்," என்றேன்.

சாலையின் நடுவே சென்று மல்லாந்து படுத்தேன். தார் அதற்குள் சூடேறியிருந்தது. முருகவேல், "கெழவனுக்குக் கிறுக்குப் புடிச்சுடுச்சு, நான் வூட்டுக்குப் போறேன்," என்று கூறிக் கரும்புக்குள் நுழைந்தான். அவன் பின்னே மூவர் சென்றனர். மற்றவர்களில் மூத்தவனான கந்தசாமி துண்டை உதறித் தாரின் மேல் விரித்து, என் அருகில் உட்கார்ந்தான். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து வரிசையாக அமர்ந்தனர். அன்பு மட்டும் கோடரியுடன் மரத்தடியில் நின்றான்.

மந்திரி வர வேண்டிய கச்சிராயபாளையம் பக்கம் புழுதி எழுந்தது.

"அன்பு, ஓடறதுன்னா இப்பவே ஓடு," என்று கந்தசாமி கத்தினான்.

அன்பு மேலே பொந்தைப் பார்த்தான். கீழே விழுந்த மண் கட்டியைப் பார்த்தான். கோடரியை ஓடைக்குள் வீசிவிட்டு வந்து என் தலைமாட்டில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"எங்கம்மாகிட்ட நீதான் பதில் சொல்லணும்."

"எங்கக்காதான. ஒன்ன வுட்டுட்டு என்னத்தான் அடிப்பா."

மரத்தடி இப்போது காலியாக இருந்தது. ஆண் பறவை புரசிலிருந்து கிளம்பி, இருமுறை வட்டமிட்டு, பொந்தின் விளிம்பில் அமர்ந்தது. தொண்டைக்குள்ளிருந்து ஆலம்பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொணர்ந்து பிளவுக்குள் நீட்டியது. எதிர்ப்புறம் பிள்ளைகள் உதடு அசைய அப்பழங்களை எண்ணினர். அன்புச்செல்வனும் மேலே பார்த்தான். அலகு உள்ளிருந்து ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டது.

காவல் வண்டி எங்கள் முன் இருபதடியில் நின்றது. அதன் பின்னால் இரு கார்கள் நின்றன. அவற்றுள் ஒன்றில் அமைச்சர் இருந்ததாகப் பிறகு கூறினர். ஆய்வாளர் எழுந்திருக்கச் சொன்னார். எவரும் எழவில்லை. எட்டுப் பேரையும் தூக்கி வண்டியில் ஏற்ற அவர்களுக்கு அரை மணிக்கு மேல் ஆயிற்று. சாலையில் ஒரு பக்கம் ஆயம்மாளும், மறு பக்கம் பிள்ளைகளுடன் ராணியம்மாளும் நின்றனர். எவரும் முழக்கமிடவில்லை.

ஏற்றி முடித்ததும் வண்டியைத் திருப்புவதற்காக ஓட்டுநர் அதை இலுப்பை மரத்தின் அடியில் பின்னுக்குக் கொண்டு சென்றார். பின்னால் நின்ற கார்களை விலகச் சொல்வதற்கு அவர் ஆரனின் மேல் கை வைத்தார்.

"டிரைவர் சார், டிரைவர் சார்! ஆரன் அடிக்காதீங்க," என்று கம்பி வலைக்குள்ளிருந்து அன்புச்செல்வன் கூவினான். "மேல புள்ளத்தாச்சி கீது."

ஓட்டுநர் கையை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். பிறகு சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கார்களை நோக்கிக் கையசைத்தார்.