ஏழுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம்

பேருந்து நிலையத்துப் பலகையில் மூன்று கிலோமீட்டர் என்று எழுதிய நாளிலிருந்து ஏரி மூன்று கிலோமீட்டர் தள்ளியே இருந்தது. காலையில் புறப்பட்டவர்கள் உச்சி வெயில் வரை நடந்தாலும் எதிரே இன்னும் மூன்று கிலோமீட்டர் மிச்சம் இருந்தது. அலுத்துப்போய்த் திரும்பினால் பத்தே நிமிடத்தில் பேருந்து நிலையம் வந்துவிட்டது. பாதை ஒரு மேட்டின் மேல் ஏறி வளையும் இடத்தில் ஒற்றை மரம் ஒன்று நின்றது. அதை யாராலும் நெருங்க முடியவில்லை. பலகைக்கு முன்பு அந்த ஏரிக்குப் போய்வந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. மாடு மேய்த்தவர்களும் விறகு பொறுக்கியவர்களும் அது ஏழு கிலோமீட்டர், கூடக் குறைய இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். பலகை வந்த பிறகு அவர்களும் ஓரிரு நாள் நடந்து பார்த்துவிட்டு வேறு பிழைப்புக்கு மாறிக்கொண்டார்கள்.

மூன்று என்று எழுதியவர், பின்னாளில் ஏரியின் தகவல் மையத்தைப் பார்த்துக்கொண்டவளின் கணவர். நில அளவைப் பிரிவில் வேலை. ஊரில் அவருக்குப் புள்ளிக்காரர் என்று பெயர், ஏனென்றால் வாழ்க்கையில் எதையும் அவர் முழு எண்ணாகச் சொன்னதில்லை. வயது கேட்டால் முப்பத்து மூன்று புள்ளி ஏழு என்பார். டீக்கடை வைத்திருந்த அவளுடைய அண்ணன் ஒருமுறை, "மாப்ள, சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டதற்கு "ஒண்ணு புள்ளி அஞ்சு" என்று பதில் வந்ததை அந்தத் தெரு பல வருடம் சொல்லிச் சிரித்தது. அப்படிப்பட்டவர் மூன்று என்று எழுத நேர்ந்தது வட்டாரச் சுற்றுலா மேம்பாட்டுத் திட்டத்தால். பிரதான சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் இடங்களுக்கு மட்டுமே அரசு நிதி என்பது விதி. கிடைத்தால் தார்ச்சாலை, தெருவிளக்கு, கழிப்பறை, பேருந்து நிலையத்துக்குக் கூரை, கூடவே ஒரு தகவல் மையம். தகவல் மையத்தில் ஒரு பொறுப்பாளர் பணியிடம். படித்த உள்ளூர்ப் பெண்ணுக்கு முன்னுரிமை. அந்த ஊரில் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த பெண் அவருடைய மனைவி ஒருத்திதான்.

அவர் இரண்டு நாள் தூரம் குறிக்க வேண்டிய படிவத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவள்தான் சொன்னாள், "மூணுன்னு எழுதினா என்ன இப்போ? ஏழு வந்து உங்க சட்டையப் புடிச்சுக் கேக்கப்போகுதா?" அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு கை கழுவிவிட்டு வந்து எழுதினார். புள்ளி வைக்காமல் எழுதினார். அந்தச் சோற்று நேரத்துப் பேச்சை அவள் பிறகு மறக்கவே இல்லை.

நிதி வந்தது, மூன்று என்ற பலகை வந்தது, சாலை வந்தது, விளக்கு எரிந்தது. அவளுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் வருகைப் பதிவேடும் கிடைத்தன. ஏரி மட்டும் வரவில்லை. நான்காவது வாரம் அவர் அளவுச் சக்கரத்தை எடுத்துக்கொண்டார். நீளக் கைப்பிடியின் முனையில் ஒற்றைச் சக்கரம், ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர். அதில் எண் காட்டும் பெட்டி பழுதாகி நாளாயிற்று. "வாயாலயே எண்ணிக்கிறேன். எவ்வளவுன்னு சரியா எடுத்து, எழுதினத மாத்திக் குடுத்துட்டு வந்துடுறேன்," என்றார். குடையை இடுக்கிக்கொண்டார். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவள் கொடுத்தாள். அவர் போனார். மற்றவர்களைப் போல் அல்லாமல் அவரைப் பாதை ஒற்றை மரம் வரை விட்டது, கையெழுத்து அவருடையது என்பதால் இருக்கலாம். அங்கே நிறுத்திக்கொண்டது. அவர் நடந்தார், மரமும் கூடவே வந்தது. அன்று மாலை அவர் திரும்பவில்லை. மறுநாளும் மரத்தடியில் நடந்துகொண்டிருந்தார்.

அண்ணன் பின்னாலேயே போனான். அரை நாள் நடந்தும் அவருக்கும் இவனுக்கும் இடையில் இருந்த தூரம் குறையவில்லை. "மாப்ள, திரும்புங்க! திரும்பினா பத்து நிமிசத்துல வீடு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவர் திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு மேலே நடந்தார். அண்ணன் வந்து சொன்னான், "எண்ணிக்கிட்டிருக்காரும்மா. நடுவுல பேசினா விட்டுப்போயிடுமாம்." அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வீட்டில் துணி எண்ணும்போதுகூட, தீப்பிடித்தது என்று கத்தினாலும் எண்ணி முடித்த பிறகுதான் என்ன என்று கேட்பார். நினைத்த நிமிடம் திரும்பி வந்துவிடக்கூடியவர், எண்ணி முடிக்காமல் திரும்பமாட்டார் என்பதை அவளால் யாருக்கும் விளக்க முடியவில்லை. பலகையை ஏழு என்று திருத்தினால் பாதை விடும், அவர் ஏரியைத் தொட்டு, அளவைக் குறித்துக்கொண்டு வீடு வருவார். வேறு வழி கிடையாது. அன்று இரவே அவள் முதல் மனுவை எழுதினாள்.

மனுவுக்குப் பதில் வர ஒரு வருடம் ஆயிற்று. தூரத்தைத் திருத்தினால் இடம் திட்டத்தின் தகுதியை இழக்கும், கொடுத்த நிதியைத் திரும்பப் பெற நேரும் என்றது பதில். அதற்குள் ஊர் வேறு மாதிரி ஆகியிருந்தது. ஏரி பார்க்க வந்தவர்கள் ஏரி கிடைக்காமல், மரத்தோடு நடக்கும் மனிதரைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். அடுத்த விடுமுறைக்கு உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு தங்கும் விடுதிகள் எழும்பின. அண்ணனின் டீக்கடை உணவகமாயிற்று. தகவல் மையத்தின் மாடியில், பார்வையாளர் வசதி என்ற தலைப்பின் கீழ், நாணயம் போட்டால் திறக்கும் தொலைநோக்கி ஒன்றை அரசு வைத்துக் கொடுத்தது. அவர் என்ன சாப்பிடுகிறார், எங்கே தூங்குகிறார் என்றெல்லாம் வெளியூர்க்காரர்கள்தான் கேட்டார்கள். ஊர்க்காரர்கள் அதைக் கேட்பதை முதல் வருடத்திலேயே விட்டுவிட்டார்கள். இரண்டாவது மனுவுக்கு அவள் கையெழுத்துக் கேட்டுப் போனபோது வீட்டுக்கு வீடு தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள், கையெழுத்து மட்டும் போடவில்லை. அண்ணன் தலையைச் சொறிந்தான். "அவருக்கு அங்க என்ன குறைம்மா? கண்ணுக்கு முன்னாலதானே இருக்காரு. எத்தனை பேருக்கு அது குடுத்துவச்சிருக்கு?"

"உன் பொண்டாட்டிய அங்க நிறுத்தி வச்சுட்டு இதச் சொல்லுண்ணா," என்றாள்.

"நிறுத்தினா நான் நிம்மதியா இருப்பேன்," என்றான் அவன். உள்ளேயிருந்து அண்ணி கரண்டியை வீசினாள்.

தொலைநோக்கியின் பூட்டுக்குச் சாவி அவளிடம் இருந்ததால் அவளுக்கு நாணயம் தேவைப்படவில்லை. தினமும் நான்கு மணிக்கு, மையத்தைச் சாத்தும் நேரத்தில், மாடிக்குப் போவாள். அவரும் சரியாக நான்கு மணிக்குச் சக்கரத்தை நிறுத்தி, ஊர்ப்பக்கம் திரும்பி, குடையை ஒருமுறை உயர்த்துவார். அவள் கையை உயர்த்துவாள். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள்; அது அவளுக்குப் பிடிக்காது. தொலைநோக்கியில் அவருடைய உதடுகள் தெரிந்தன. அவர் எண்ணுவதை அவளும் சேர்ந்து எண்ணப் பழகிக்கொண்டாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வரும்போது அவர் தற்செயலாகத் தலையைத் திருப்பி, மரம் பக்கத்திலேயே நிற்பதைப் பார்ப்பார். ஒரு நிமிடம் சும்மா நிற்பார். பிறகு உதடு ஒன்று என்று தொடங்கும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவளால் தாங்க முடியாது. அதற்காகவே மனுக்களை எழுதினாள். பதினாறு வரை எண்ணினாள், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள்.

அவருடைய தலை நரைத்ததை அவள் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். முதலில் இடது காதோரம். பிறகு ஒரு மழைக்காலத்துக்குள் முழுக்க. கண்ணாடி போட வேண்டிய வயது வந்தும் அவரிடம் கண்ணாடி இல்லை. குடையை உயர்த்தும்போது முகத்தைச் சுருக்கிக்கொண்டு தேடினார். அன்றிலிருந்து அவள் பளிச்சென்ற மஞ்சள் புடவையாகவே வாங்கிக் கட்டினாள். அந்த வயதில் என்ன மஞ்சள் என்று அண்ணி கேட்டபோது விலை குறைவாகக் கிடைத்தது என்றாள். ஒரு வருடம், ஏதோ ஒரு நாள், எல்லாவற்றின் மீதும் கோபம் வந்து அவள் மாடிக்குப் போகவில்லை. ஒன்பது நாள் போகவில்லை. பத்தாம் நாள் போனபோது அவர் குடையை இரண்டு முறை உயர்த்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவர அவளுக்கு அன்று வெகுநேரம் ஆனது.

இருபத்திரண்டாவது வருடம் கொள்கை மாறியது. கூட்டம் மிதிக்காத, எட்டத்து இடங்களே இனி நாட்டின் பெருமை என்று புதிய கொள்கை சொன்னது. சாலையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் இரண்டு மடங்கு நிதி. கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்த புதிய சுற்றுலா அலுவலர், ஏரி உண்மையில் எவ்வளவு தூரம் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார். அண்ணன் முதல் ஆளாக எழுந்தான். "நான் அன்னைக்கே ஏழுன்னுதான் சார் சொன்னேன். யாரு கேட்டா?" கூட்டம் முழுக்க ஏழு ஏழு என்றது. அலுவலர் அவள் பக்கம் திரும்பி, "உங்க மனுவெல்லாம் படிச்சேம்மா. கையோட மாத்திடலாம்," என்றார்.

அவள் பத்து நாள் அவகாசம் கேட்டாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஒற்றை மரத்தைத் தாண்டியதும் பாதை மேட்டுக்குப் பின்னால் இறங்குகிறது; எந்தத் தொலைநோக்கிக்கும் அதன் பிறகு எட்டாது. ஏழு என்று எழுதிய அன்றே அவர் கண்ணிலிருந்து மறைந்துபோவார். இருபத்திரண்டு வருடமாக அவள் கேட்டது இதைத்தான். கிடைக்கும்போதுதான் அது இப்படி இருக்கிறது என்று தெரிந்தது. திரும்பி வரும் வழியை அந்தக் கால்கள் தாங்குமா என்றும் தெரியாது. ஒன்பது நாளும் நான்கு மணிக்கு மாடிக்குப் போனாள். ஒன்பது முறையும் அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்துவிட்டு அவர் சும்மா நிற்கும் நிமிடத்தை. பத்தாம் நாள் காலை பலகை எழுதுகிறவரை வரச் சொன்னாள்.

வந்தவர் ஏணியில் ஏறிப் பழையதை அழித்துவிட்டு ஏழு என்ற எண்ணை எழுதினார். அவள் கீழேயிருந்து, "கி.மீ.ய அதுக்குப் பக்கத்துல போடாதீங்க தம்பி. கொஞ்சம் இடம் விட்டுத் தள்ளிப் போடுங்க," என்றாள்.

"எதுக்குக்கா? பல்லு போன மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். அவரு முழு எண்ணா எதையும் சொன்னதில்ல."

பலகைக்காரர் இடம் விட்டு எழுதினார். மீந்த பெயிண்ட் டப்பாவையும் சின்னத் தூரிகையையும் அவள் கேட்டு வாங்கி, பலகையின் பின்புறம் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். அன்று நான்கு மணிக்கு அவர் குடையை உயர்த்தினார். அவள் கையை உயர்த்தினாள், வழக்கத்தைவிட நேரம் வைத்திருந்தாள். அவர் திரும்பிச் சக்கரத்தைத் தள்ளினார். மரம் நின்ற இடத்திலேயே நின்றது. அவர் அதைத் தாண்டினார். தலையைத் திருப்பிப் பார்த்தார், மரம் பின்னால் இருந்தது. உதடு மூவாயிரத்து ஒன்று என்றது. பிறகு முதுகு, பிறகு நரைத்த தலை, பிறகு குடையின் முனை. அன்று மாடியில் யாரும் கைதட்டவில்லை.

அதன்பின் ஊர் ஏரிக்குப் போய்வரத் தொடங்கியது. ஏழு கிலோமீட்டர் போனால் ஏரி இருந்தது, வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தவர்களிடமெல்லாம் அவள், "பின்னால யாராவது வர்றாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றார்கள். இரண்டாம் மாதம் ஒரு குடும்பம், கரைச் சேற்றில் ஒற்றைச் சக்கரத் தடம் ஒன்று கண்ணுக்கெட்டியவரை போவதாகச் சொன்னது. அவள் பதிவேட்டை மூடிவிட்டு, பல வருடத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "சுத்தளவு எடுக்குறாரு. போனதுதான் போனோம், அதையும் எடுத்துடுவோம்னு இருப்பாரு," என்று சொல்லும்போதே சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. நான்கு மணிக்கு மட்டும் வழக்கப்படி மாடிக்குப் போய், மரத்தைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு வந்தாள். பலகையில் ஏன் அந்த இடைவெளி என்று கேட்டவர்களிடம், அளவு இன்னும் வரவில்லை என்றாள். அலுவலரும் ஆண்டறிக்கையில் அப்படியே எழுதி அனுப்பினார்.

பதினோராம் மாதம், ஒரு சாதாரணக் காலையில், மையத்தைத் திறக்க வந்தவள் பலகையைப் பார்த்து நின்றாள். ஏழுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் மூன்றும் இருந்தன. மூன்றின் தலை தட்டையாக இருந்தது. அப்படி எழுதுகிறவர் ஒருவர்தான். பெயிண்ட் இன்னும் காயவில்லை. பலகையின் அடியிலிருந்து ஈரமான சக்கரத் தடம் ஒன்று புறப்பட்டு, பேருந்து நிலையத்தைச் சுற்றி, கடைத்தெரு வழியாக அவள் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. தடம் அழியாமல் இருக்க அண்ணன் உணவகத்து பெஞ்சைத் தூக்கிச் சுவரோரம் போட்டிருந்தான். ஓட்டுநர்கள் வண்டியை ஒடித்து ஓட்டினார்கள். அண்ணன் ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயை மூடி போட்ட டம்ளரில் ஊற்றி நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். ஓடவில்லை. தடத்தின் ஓரமாக, அதை மிதிக்காமல், அவர் நடந்திருக்கும் வேகத்திலேயே நடந்தாள். தடம் வாசற்படியில் முடிந்தது. சக்கரம் சுவரில் சாய்ந்திருந்தது, குடை அதன் மேல் தொங்கியது. உள்ளே குளியலறையில் யாரோ தண்ணீரைச் சொம்பு சொம்பாக எண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, எண்ணி முடியும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைய வருகைப் பதிவேட்டில் நாற்பத்தொரு பேர் என்று இருக்கிறது. மையத்தை அன்று பிற்பகல்தான் திறந்தாள். அவரை அதில் சேர்க்கவில்லை. உள்ளூர்க்காரர்களைச் சேர்க்கும் வழக்கம் இல்லை.