பூண்டுக் கிட்டங்கியில் வறுத்த ஈயமண்

பர்மா சண்டையில் சிக்கியதும் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூச வெள்ளீயம் வருவது நின்றுபோயிற்று. மதுரை வியாபாரி ஒருவர் எங்கிருந்தோ வெள்ளீயம் எடுக்கிற ஈயமண் மூட்டைகளை வரவழைத்து, சுத்தம் பண்ணித்தரும் வேலையை ஒச்சாண்டியிடம் ஒப்படைத்தார். ஒச்சாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவுமா பின்னே? "முத வறுவல் சுத்தமா வந்தா எம்மக மாயக்காளை உனக்குக் கட்டித் தாரேன். வரலையின்னா உத்தமபாளையத்து மாப்பிள்ளைக்குத்தான்" என்று மாமன் ராக்கையா ஊரறியச் சொல்லியிருந்தாரே!

வேலை இதுதான். ஈயமண்ணில் பாஷாணமும் இரும்பும் கலந்து கிடக்கும். வறுத்தால் பாஷாணம் புகையாகப் போய்விடும். பிறகு உப்புத் திராவகத்தில் ஊறப்போட்டால் இரும்பு கரைந்துவிடும், ஈயமண் மட்டும் தங்கும். பாஷாணம் போகும்போது பூண்டு வாடை அடிக்கும். வாடை நின்றதும் அடுப்பிலிருந்து நெருப்பை வெளியே இழுத்துவிட வேண்டும். மேற்கொண்டு வறுத்தால் இரும்பு இறுகிப்போய்த் திராவகத்துக்கு மசியாது.

எல்லாம் தெரிந்த மகராசன் அடுப்பை எங்கே போட்டான்? வடுகபட்டியில், மாமனுடைய பூண்டுக் கிட்டங்கிக்குப் பின்னால்! மாயக்காளை அடிக்கடி பார்க்கலாம் என்கிற ஆசைதான், வேறென்ன. ஊரே பூண்டு மணக்கிற இடத்தில் வாடை எப்படி ஐயா நிற்கும்?

மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து கிண்டினான். அவ்வப்போது துண்டை விலக்கி மோந்தான். பூண்டு. உச்சிவேளையிலும் பூண்டுதான்.

"மச்சான், இன்னுமா வறுக்கீக?" என்று மாயக்காள் வந்தாள்.

"வாடை நிக்க மாட்டேங்குதே, புள்ள!"

அவள் கிட்டங்கியில் குவிந்து கிடந்த பூண்டைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கூறுகெட்ட மச்சான்! இங்கன எப்படி நிக்கும்? நெருப்பை இழுத்துட்டு, ஒரு கரண்டி அள்ளிக்கிட்டு ஆத்துக்கு ஓடுங்க!"

நீளக் கரண்டியில் சூடான மண்ணை ஏந்திக்கொண்டு ஒச்சாண்டி ஓடினான். "வழி விடுங்க, வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டு மாயக்காள் முன்னால் ஓடினாள். என்னமோ ஏதோ என்று பூண்டு ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஓடினார்கள். "ஏலே, எம்மகளை எங்கன கூட்டிட்டுப் போற?" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு ராக்கையாவும் ஓடினார்.

ஆற்றங்கரையில் மாயக்காள் கரண்டியை வாங்கிக்கொண்டாள். "உங்க மேலயும் பூண்டுதான் மணக்குது. ஒரு முங்கு போட்டு வந்து மோந்து பாருங்க."

ஒச்சாண்டி சட்டையோடு முங்கி எழுந்து வந்து மோந்தான். முகம் தொங்கிப்போயிற்று. "இன்னும் பூண்டு வாடைதான். போச்சு, எல்லாம் போச்சு!" அழுதேவிட்டான்.

மாயக்காள் தன் முந்தானையை மோந்து பார்த்தாள். கரண்டியை மணலில் வைத்துவிட்டு, மற்றவர்களையும் ஒதுக்கிக்கொண்டு எட்டிப் போய் நின்றாள். "இப்பப் பாருங்க."

வாடை துளிகூட இல்லை.

"அது மண்ணு இல்ல மச்சான், நானு!"

கரையெல்லாம் ஒரே சிரிப்பு. ஆனால் மண்ணிலிருக்கும் இரும்பு ஏற்கெனவே இறுகியிருந்தால்? ஒச்சாண்டி சொட்டச் சொட்ட ஓடிவந்து, வறுத்ததை ஆறவைத்துத் திராவகச் சாடியில் போட்டான். எல்லோரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். கொஞ்சங் கொஞ்சமாகத் திராவகம் மஞ்சளாயிற்று. இரும்பு கரைகிறது!

எல்லோரையும்விடச் சத்தமாகக் கூவியவர் ராக்கையாதான். "உத்தமபாளையத்துல மாப்பிள்ளையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது! நீ உருப்படியா ஒரு வேலை பாக்கணும்னு சொன்னதுடா மருமகனே!"

ஒச்சாண்டி வாயைப் பிளந்தபடி மாயக்காளைப் பார்த்தான். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கக் கூடாதா, புள்ள?"

"சொன்னா நீங்க வறுத்திருப்பீகளாக்கும்?"